ஒரு ரிங் கொடுங்க

1

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் ஒரு செய்தி என்று எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் நினைக்கலாம். இருபது வருஷத்துக்கு மேலாக எந்த ஞாயிறும் அந்த நேரத்தில் என் கையில் வெங்காயம் இருந்ததில்லை. காதில் ஹெட்ஃபோன், முன்னால் மைக். பிள்ளை பெற்றபோதும் மாமனார் தவறி நாங்கள் ஊருக்கு வந்தபோதும் தவிர, ஒரு வாரம் விட்டதில்லை.

அமெரிக்காவில், டெக்சஸ் பக்கம் ரிச்சர்ட்சன் என்ற ஊருக்கு வெளியே, ஒரு டயர் கடையை ஒட்டி இருக்கிறது அந்த ரேடியோ ஸ்டேஷன். இங்கே ஏ.எம். என்பார்கள், நம் ஊர் மீடியம் வேவ்தான். வாரம் முழுக்கப் பழைய இங்கிலீஷ் பாட்டு. ஞாயிறு காலை மட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு. எட்டு மணிக்கு வால்டர், டெக்சஸில் நாலு தலைமுறையாக இருக்கும் செக் நாட்டுக் குடும்பத்துக்காரர், அக்கார்டியன் வைத்த போல்கா பாட்டுகள் போடுவார். ஒன்பது மணிக்கு நான், கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ்ப் பாட்டுகள்.

இப்போது ஒன்பது மணிக்கு அங்கே யாரோ ஒருவன் ஃபுட்பால் பற்றிப் பேசுகிறான். வெங்காயம் உரித்துக்கொண்டே அதைத்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் சுந்தரம் வந்து ரேடியோவை அணைக்கப் போனார். அணைத்தால் நடக்கிறதே வேறு என்றேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

2

நான் உறையூர்க்காரி. எம்.காம். முடித்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவின் பெயர் ஹெச்-4. புருஷன் வேலை பார்ப்பான், பெண்டாட்டி அவன் வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அதற்கு அர்த்தம். ஒரு கடையில் பில் போடக்கூடச் சட்டம் இடம் கொடுக்காது. லைப்ரரி கார்டு கேட்டேன், முகவரிக்கு அத்தாட்சியாகக் கரண்ட் பில் கொண்டு வா என்றார்கள். கரண்ட் பில்லில் அவர் பெயர். வாடகைப் பத்திரத்தில் அவர் பெயர். நான் அந்த வீட்டில் இருக்கிறேன் என்பதற்கு அமெரிக்காவில் எந்தச் சாட்சியும் இல்லை.

எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் அடுப்படியில் ஒரு ரேடியோவை விட்டுப் போயிருந்தார்கள். உறையூர் வீட்டில் அப்பா முகச்சவரம் செய்து முடிப்பதற்குள் மூன்று பாட்டு முடிந்துவிடும், நாலாவது பாட்டுக்கு நான் ஜடை போட்டு முடித்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் காலையில் எதையாவது திருகிக்கொண்டே இருப்பேன். அப்படித் திருகியபோதுதான் இந்த ஸ்டேஷன் கிடைத்தது. ஞாயிறன்று பாஷை தெரியாத பாட்டெல்லாம் வந்தது. இவர்கள் போடலாம் என்றால் நாம் ஏன் போடக்கூடாது என்று தோன்றியது.

அடுத்த வாரமே அவரை இழுத்துக்கொண்டு போனேன். அப்போதிருந்த மேனேஜரிடம், ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். "ஐ வாண்ட் டு புட் ஓல்ட் சாங்ஸ்." பாட்டு போடுவது என்றால் நமக்கு அதுதானே. அந்த மனுஷன் மரியாதையாக எழுந்து, என்னைக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், பழைய இசைத்தட்டுகளை நன்கொடையாகப் போடும் பெட்டியைக் காட்டினார். போட வேண்டும் என்றாயே, இதில் போடு என்று. சுந்தரம் சிரித்து முடித்து விளக்கம் சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சம்பளம் கிடையாது, அதனால் விசாவுக்கும் பாதகமில்லை என்று கம்பெனி வக்கீலிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார் அவர். அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் பூராவும் நான் சுந்தரத்தின் ஒய்ஃப். பிறகு கார்த்திக்கின் மாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் வசந்தி. பின்னாடி கிரீன் கார்டு வந்தது, வேலையும் பார்த்தேன், ஆனால் வேறு எங்கேயும் நான் அவ்வளவு வசந்தியாக இருந்ததில்லை.

3

யார் கேட்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. சிறிசுகள் கேட்கவில்லை, அது தெரியும். அவர்களுக்குப் பாட்டு ஃபோனில் வருகிறது, காரில் வருகிறது. என் பிள்ளை சான்டா கிளாராவில் எலெக்ட்ரிக் கார் வாங்கி அனுப்பிய படத்தைப் பார்த்து, ரேடியோ எங்கேடா என்றேன். "அம்மா, இதுல ஏ.எம். கிடையாது, நோபடி யூசஸ் இட்" என்றான்.

ஒரு நாள் இந்தியக் கடையில், கறிவேப்பிலை காய்ந்து கிடக்கிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "ஞாயித்துக்கிழம தாயிதான நீங்க?" திரும்பினால், ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெரியவர். முகத்தை அல்ல, குரலை அடையாளம் கண்டுபிடித்து வந்திருந்தார். சண்டையை அப்படியே விட்டுவிட்டேன். கடைக்காரர் பிழைத்தார்.

அவர் பெயர் பிச்சைமுத்து. அருப்புக்கோட்டைக்காரர், மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். சம்சாரம் போன பிறகு பக்கத்து ஊரான பிளேனோவில் மகளோடு இருக்கிறார். மகளோடு என்பது நான் சொல்வது. அவர் சொன்னது, "மாப்ள வீட்ல இருக்கேன்." மாப்பிள்ளை தங்கமானவராம், ஒரு குறையும் இல்லையாம். "இருந்தாலும் மாப்ள வீடு பாருங்க" என்றார். குளிர்ந்தாலும் ஹீட்டரைத் தொடமாட்டார். டிவி போட மூன்று ரிமோட், தப்பாக அமுக்கி ஒரு தடவை ஏதோ ஆகி, அதிலிருந்து தொடுவதில்லை. மகள் கொடுத்த பழைய ஃபோனில் நம்பர் அடித்துப் பேசத் தெரியும், அதற்கு மேல் போகமாட்டார். பேசினால் பாடுகிற ஒரு டப்பா உண்டு, அது அவர் தமிழ் புரியவில்லை என்று மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது, தன் கைக்காசில் ஒரு ரேடியோ வாங்கினார். அதில் ஒரு திருகு சத்தத்துக்கு, இன்னொன்று ஸ்டேஷனுக்கு. அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவர் தொடுகிற சாமான் அது ஒன்றுதானாம்.

அவரைப் போலவே நடைப்பயிற்சிக்கு வருகிற இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்களாம், பிள்ளைகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு. ஞாயிறு ஒன்பது மணிக்கு என்ன பாட்டு வந்தது என்று திங்கட்கிழமை பேசிக்கொள்வார்களாம். என் நம்பரை அவருக்குக் கொடுத்தேன். ஏதாவது ஒன்று என்றால் கூப்பிடுங்கள் ஐயா என்றேன். ரொம்ப நாள் அவர் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் பேசுவதே மாறிவிட்டது. மைக்கைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, அந்தத் துண்டு போட்ட மனுஷரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

4

இப்போதைய மேனேஜர் ஷெரில். நல்ல பெண், என் வயதுதான், பழைய பாட்டுகள் மேல் பைத்தியம். ரெண்டு வாரம் முன்னால் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். விளம்பரம் படுத்துவிட்டது, புதுக் கார்களில் ஏ.எம். வருவதில்லை, பக்கத்து ஊர்களில் இதே போன்ற பழைய பாட்டு ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். முதலாளிகள் ஞாயிறு நேரத்தை ஸ்போர்ட்ஸ்காரர்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். வால்டரைக் கேட்கிறவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வால்டர் முன்னாலேயே சொன்னாள், அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். என்னைப் பார்த்து, உன்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்களா என்பதே எனக்குத் தெரியவில்லை என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் கூப்பிடச் சொல் என்றாள். வரும் ஞாயிறு ஒவ்வொருவரும் தங்கள் பாஷையில் நேயர்களைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், வெளியே ஃபோனில் அவளே உட்கார்ந்து எடுப்பாள். ஃபோன் ஓயவில்லை என்று முதலாளிகளிடம் சொல்லும்படி இருந்தால் நிகழ்ச்சி பிழைக்கும். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும் எழுதிக் கொடுத்தாள். கிவ் அஸ் எ ரிங்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை. ஒரு பைத்தியம் போல, என்னிடமிருந்த பாட்டுகளில் எதைப் போட்டால் கல்லும் எழுந்து ஃபோன் பண்ணும் என்று எடுத்து எடுத்து அடுக்கினேன். கோயிலுக்குப் போய்ப் பார்க்கிற பெரியவர்களிடமெல்லாம் ஞாயிறு ரேடியோ போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த நிகழ்ச்சி போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று சுந்தரத்திடம் கேட்டேன். நீ நீயாகவே இருப்பாய் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

5

அந்த ஞாயிறு முதல் பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்தேன். சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது.

"நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு இவங்களுக்குத் தெரியணும். அப்பதான் நம்ம நிகழ்ச்சி தொடர்ந்து வரும். அதனால தயவுசெஞ்சு எல்லாரும் இந்த நம்பருக்கு ஒரு ரிங் கொடுங்க. ஒரே ஒரு ரிங் கொடுத்தா போதும்."

ஸ்டூடியோவுக்குள் ஃபோன் மணி அடிக்காது, ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். நம்பரைச் சொல்லி வாய் மூடவில்லை, பல்பு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அடுத்த பாட்டுக்குள் எத்தனை தடவை என்று எண்ண முடியாமல் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெரிலின் முதுகு தெரிந்தது, குனிந்து குனிந்து ஃபோனை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இங்கே பாட்டு ஓடும்போதே எழுந்து நின்று கைதட்டினேன். என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, சுந்தரம் படித்தாலும் பரவாயில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே ஓடினேன். ஷெரில் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் பேசவில்லை என்றாள். ஒரு மணி அடிக்கிறது, எடுத்தால் ஆளில்லை. திரும்ப அடிக்கிறது, ஆளில்லை. மிஷினை வைத்து யாரோ விளையாடுகிறார்கள், இதை முதலாளிகளிடம் சொன்னால் நாமே ஏற்பாடு செய்தது என்பார்கள் என்றாள். இவளுக்கு ஃபோன் எடுக்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவள் சொன்னாள், ஒரே ஒரு தடவை மணி அடிக்க ஆரம்பித்ததுமே பாய்ந்து எடுத்தாளாம். ஒரு வயசான அம்மாவின் குரல், பதறிப்போய் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. என்ன அர்த்தம் என்று கேட்டாள். அமெரிக்க வாயால் அதைக் கஷ்டப்பட்டுச் சொல்லிக் காட்டினாள்.

"ஐயோ... எதுத்துத்தாங்கா."

ஐயோ, எடுத்துட்டாங்க.

 அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஷெரிலுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் அண்ணன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் கொடுப்பான். அதை எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு. அடித்து நின்றதும் அம்மா, "சேந்துட்டான்" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடுவாள். கீழே ஆட்டோ வந்துவிட்டால் ஒரு ரிங். நான் இங்கே வந்த புதிதில் நல்லா இருக்கேன் என்பதற்கு உறையூருக்கு ஒரு ரிங். ஒரு ரிங் கொடு என்றால் கூப்பிட்டுப் பேசு என்று அர்த்தமில்லை, கூப்பிட்டுவிட்டு எடுப்பதற்குள் வைத்துவிடு என்று அர்த்தம். அவள் எழுதிக் கொடுத்த இங்கிலீஷை அப்படியே தமிழாக்கினேன். போதாததற்கு ஒரே ஒரு என்று அழுத்தி வேறு சொன்னேன். அவர்கள் என் பேச்சைத் தட்டவில்லை. வால்டரைக் கூப்பிட்ட ஏழெட்டுப் பேரில் ஒரு கிழவி தன் இடுப்பு ஆபரேஷன் கதை முழுவதையும் ஷெரிலிடம் சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்கிறவர்கள் அத்தனை பேரும் மரியாதையாக ஒரு ரிங்கில் வைத்துவிட்டார்கள்.

பேசுவதற்கு இல்லாமல் எதற்கு ஒருவர் ஃபோன் பண்ண வேண்டும் என்று ஷெரில் கேட்டாள். நான் இருக்கேன் என்று சொல்வதற்கு என்றேன். அவளுக்குப் புரிந்தது. கண்கூடக் கலங்கியது. ஆனால் முதலாளிகளிடம் கொடுக்க என்னிடம் ஒரு பெயர்கூட இல்லையே வசந்தி என்றாள். அந்த நம்பர்களையாவது கொடு என்றேன். ஸ்டேஷன் ஃபோன் பழங்காலத்துச் சாமான், நம்பரெல்லாம் காட்டாது.

6

அடுத்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு கொடு, சரியாகச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். புதன்கிழமை மெயில் வந்தது. இத்தனை வருஷச் சேவைக்கு நன்றி, இந்த வாரம் முதல் அந்த நேரம் வேறு நிகழ்ச்சிக்கு. வால்டருக்கு மட்டும் வருஷக் கடைசி வரை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அவர் நல்ல மனுஷர் என்பதால் எரியாமல் இருக்குமா.

வியாழக்கிழமை நேரில் போய் நின்றேன். நிகழ்ச்சி வேண்டாம், ரெண்டு நிமிஷம் கொடுங்கள், இனிமேல் வராது என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். நிறுத்தியாயிற்று என்று தெரிந்தவர்களை மைக் பக்கம் விடக்கூடாது என்பது சட்டமாம், கோபத்தில் ஏதாவது பேசிவிடுவார்களாம். ஷெரில் கையைப் பிடித்துக்கொண்டு சாரி சாரி என்றாள். டயர் கடை வாசலில் காரில் உட்கார்ந்து அழுதேன். கடைப் பையன் வந்து பஞ்சரா என்று கேட்டுவிட்டுப் போனான்.

கார்த்திக் ஃபோனில், "அம்மா, ஜஸ்ட் டூ எ பாட்காஸ்ட், ஐ வில் செட் இட் அப்" என்றான். யாருடா கேட்பா, அவங்க ஃபோனைத் திறக்கிற பாஸ்வேர்ட்கூட அவங்க பிள்ளைங்ககிட்டதானே இருக்கு என்றேன். "தட்ஸ் நாட் எ ரேடியோ ப்ராப்ளம் மா" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் கோபம் வந்து வைத்துவிட்டேன். சுந்தரம் வாட்ஸாப் குரூப் ஆரம்பிக்கலாம் என்றார். யாரைச் சேர்ப்பது? எனக்குத் தெரிந்த நேயர் ஒரே ஒருவர், அவருடைய நம்பரை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

7

அந்த ஒருவர் நேற்று, திங்கட்கிழமை பகலில், கூப்பிட்டார். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து. பிச்சைமுத்து பேசறேன் தாயி என்றார்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு வழக்கமான இடத்தில் முள்ளை வைத்தால் எவனோ இங்கிலீஷில் கத்துகிறானாம். கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் திருகிப் பார்த்திருக்கிறார், தமிழைக் காணோம். உள்ளே முள்ளை இழுக்கும் நூல் நழுவியிருக்கும், அதனால் முள் தப்பான இடத்தைக் காட்டுகிறது என்று நினைத்து, மாப்பிள்ளையின் டூல் பெட்டியைத் திறந்து — அந்த வீட்டில் கேட்காமல் எடுத்தது அதுதான் முதல் தடவையாம் — செட்டைப் பிரித்துவிட்டார். இப்போது எல்லாம் சாப்பாட்டு மேஜை மேல் பேப்பரில் கிடக்கிறது. மாப்பிள்ளை வருவதற்குள் எடுத்து வைத்துவிட வேண்டும் என்றார்.

ஐயா, செட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். குரல் தணிந்துவிட்டது.

"தாயி, ஒண்ணு கேக்கணும். நீங்க ஒரு ரிங் குடுக்கச் சொன்னீங்கல்ல அன்னைக்கி? குடுத்தேன். வாக்கிங் வர்றவுகளயும் குடுக்கச் சொன்னேன். அவுகல்லாம் கரெக்டா ஒண்ணுலயே வச்சிட்டாக. எனக்குக் கை கொஞ்சம் நடுங்குமா, வைக்கறதுக்குள்ள ரெண்டாவது ரிங் விழுந்துருச்சு. அதனால எதுவும் நிப்பாட்டிட்டாங்களா?"

இன்னும் நாலு ரிங் விட்டிருக்கக்கூடாதா ஐயா, யாராவது எடுத்திருப்பார்களே, உங்கள் பேரைச் சொல்லியிருப்பீர்களே என்று உள்ளுக்குள் கதறினேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். 

"இல்லை ஐயா. உங்களால ஒண்ணும் இல்லை. நீங்க கொடுத்த ரிங் சரியா வந்து சேர்ந்துச்சு."

"அப்பாடா" என்றார். "அப்ப செட்டுலதான் கோளாறு. ஞாயித்துக்கிழமக்குள்ள பூட்டி ரெடி பண்ணிர்றேன் தாயி."

வைத்துவிட்டார்.